எய்ஜி சவாமுரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எய்ஜி சவாமுரா என்பவர் யார்?

ஜப்பானில் தொழில்முறை பேஸ்பால் தொடங்கிய ஆண்டுகளில் ஆடிய பிட்சர். 1917 பிப்ரவரி 1 அன்று மியே மாகாணத்தின் உஜியமடாவில் பிறந்தார். அந்த ஊருக்கு இன்று இசே என்று பெயர். டோக்கியோ ஜயண்ட்ஸ் அணிக்காக ஆடினார். மூன்று முறை இராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். மூன்றாவது முறை போர்முனையை எட்டுவதற்கு முன்பே, 1944 டிசம்பர் 2 அன்று, 27 வயதில் கடலில் உயிரிழந்தார். ஜப்பானில் ஆண்டுதோறும் மிகச் சிறந்த பிட்சருக்கு வழங்கப்படும் விருது இவர் பெயரில்தான் இருக்கிறது.

பேஸ்பால் பார்த்ததே இல்லை. பிட்சரின் வேலை என்ன?

கிரிக்கெட்டின் பந்துவீச்சாளரை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்; மீதிப் பாதியில் இரண்டு ஆட்டங்களும் வெகுவாக விலகுகின்றன. பிட்சர் ஓடி வருவதில்லை. பேட்டரிடமிருந்து சுமார் 18.4 மீட்டர் தள்ளி ஒரு மண்மேட்டின் மீது நின்ற இடத்திலிருந்தே எறிகிறார். பந்து தரையில் படாமல் செல்ல வேண்டும். முழங்கையை மடக்கி நீட்டி எறியலாம் என்பதால், கிரிக்கெட்டில் நடுவர் "நோ பால்" என்று கை நீட்டும் செயலே இங்கே தொழிலின் அடிப்படை. அதனால் தோளும் முழங்கையும் தாங்கும் சுமையும் அதிகம்.

அடிக்கத்தக்க பந்தைப் பேட்டர் அடிக்காமல் விட்டாலோ, வீசித் தவறவிட்டாலோ அது ஒரு ஸ்டிரைக். மூன்று ஸ்டிரைக்குகள் விழுந்தால் பேட்டர் வெளியேற வேண்டும்; அதுதான் ஸ்டிரைக் அவுட். மூன்று பேர் ஆட்டமிழந்தால் ஓர் அணியின் இன்னிங்ஸ் முடியும், அப்படி ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ் சேர்ந்தது ஓர் ஆட்டம். பந்தை அடித்துவிட்டு, ரன்னுக்காகக் கடக்க வேண்டிய நான்கு நிலைகளில் (பேஸ்) முதலாவதையேனும் ஆட்டமிழக்காமல் எட்டுவது ஹிட். எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடிப்பது நோ-ஹிட்டர். பிட்சரின் தரத்தை அளக்க, தம் அணியினரின் தவறால் போனவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் எத்தனை ரன் கொடுத்தார் என்று கணக்கிடுவார்கள். கிரிக்கெட்டின் பந்துவீச்சுச் சராசரியைப் போலவே இதுவும் குறையக் குறைய நல்லது. இந்தப் பக்கத்தில் "ரன் சராசரி" என்று வரும் இடமெல்லாம் அதையே குறிக்கிறது.

1934 நவம்பர் 20 அன்று உண்மையில் நடந்தது என்ன?

அந்த ஆண்டு நவம்பரில் யோமியூரி நாளிதழின் உரிமையாளர் மட்சுதாரோ ஷோரிகியின் அழைப்பின் பேரில் அமெரிக்காவின் நட்சத்திர அணி ஒன்று ஜப்பானுக்கு வந்தது. அன்றைய அமெரிக்க பேஸ்பாலின் மிகப் புகழ்பெற்ற பேட்டரான பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ், சார்லி கெரிங்கர் ஆகியோர் அடங்கிய அந்த அணியைக் கானி மேக் வழிநடத்தினார். அப்போது ஜப்பானில் தொழில்முறை லீக் எதுவும் இல்லை. பேஸ்பால் என்றால் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஆடுவதுதான். ஆகவே விருந்தினரை எதிர்கொள்ள நாடெங்கும் தேடி ஓர் அணியைத் திரட்டினார்கள். அதில் கியோட்டோ வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த, 17 வயதான சவாமுராவும் ஒருவர்.

ஷிஸுவோகா நகரின் குசனாகி மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் பந்து அவர் கையில் கொடுக்கப்பட்டது. கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் என்று நான்கு பேரையும் அடுத்தடுத்து ஸ்டிரைக் அவுட் செய்தார். நால்வரும் பின்னாளில் அமெரிக்க பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். ஆறு இன்னிங்ஸ் வரை அமெரிக்கர்களால் ஒரு ரன் கூட எடுக்க முடியவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் கெரிக் ஒரு ஹோம் ரன், அதாவது கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போல எல்லை தாண்டும் அடி, அடித்தார். அந்த ஒரே ரன்னில் ஆட்டம் 1-0 என்று முடிந்தது. கடைசி வரை எறிந்த சவாமுரா கொடுத்தது 5 ஹிட்டுகள், எடுத்தது 9 ஸ்டிரைக் அவுட்டுகள்.

மாலை வெயில் பேட்டர்களின் கண்ணில் அடித்தது என்று ஒரு விளக்கம் அன்றிலிருந்தே உண்டு. இருக்கலாம். ஆனால் வெயில் இரு அணிக்கும் பொதுவானது. ஜப்பானியர்களும் அதே முனையில் நின்றுதான் ஆடினார்கள்.

அப்படியானால் அவர் அந்த ஆட்டத்தில் தோற்றார் அல்லவா?

ஆம், தோற்றார். அது மட்டுமல்ல, அந்தப் பயணத்தில் அவர் எறிந்த மற்ற ஆட்டங்களில் அமெரிக்கர்கள் அவரை நையப் புடைத்தார்கள். வளைந்து இறங்கும் பந்தை, அக்கால ஜப்பானியர் "டிராப்" என்று அழைத்ததை, எறியும்போது அவர் தம்மையறியாமல் வாயைக் கோணிக்கொள்வார் என்றும், அதைக் கண்டுபிடித்த பிறகு அமெரிக்கர்களுக்கு வேலை எளிதாயிற்று என்றும் சொல்லப்படுவதுண்டு. ஜப்பான் அணி அமெரிக்கர்களிடம் ஓர் ஆட்டத்தில் கூட வெல்லவில்லை.

இதைச் சொல்லாமல் விடும் கட்டுரைகளே அதிகம். நான்கு ஸ்டிரைக் அவுட்டுகளைச் சொல்லி, அப்படியே கப்பல் மூழ்கிய நாளுக்குத் தாவிவிடுவார்கள். இடையில் கிடக்கும் பத்து ஆண்டுகளில்தான் இந்த மனிதரின் கதை இருக்கிறது. தோல்விகள் ஒரு பக்கம் இருக்க, ஒரு பள்ளி மாணவனால் ரூத்தை நிறுத்த முடிந்தது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. ஷோரிகி தொழில்முறை அணி ஒன்றைத் தொடங்க அது போதிய விளம்பரமாக அமைந்தது. 1934 டிசம்பர் 26 அன்று "டாய் நிப்பான் டோக்கியோ பேஸ்பால் கழகம்" நிறுவப்பட்டது. பின்னாளில் ஜயண்ட்ஸ் ஆனது அதுதான்.

காலத்தின் போக்கைக் காட்ட ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கலாம். அமெரிக்க அணியில் வந்திருந்த மோ பெர்க் என்ற கேட்சர் (விக்கெட் கீப்பரைப் போலப் பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) டோக்கியோவின் செயின்ட் லூக் மருத்துவமனைக் கூரையில் ஏறி நகரத்தைத் திரைப்படக் கருவியால் படம் பிடித்தார். போரின்போது அவர் அமெரிக்க உளவு அமைப்பில் பணியாற்றினார். 1935 பிப்ரவரியில் ஷோரிகியை ஒரு தீவிர தேசியவாதி வாளால் வெட்டினான். அமெரிக்கர்களை அழைத்து வந்து பேரரசர் மெய்ஜியின் ஆலயத்துக்கு உரிய மைதானத்தில் ஆடவிட்டார் என்பது அவன் சொன்ன காரணங்களுள் ஒன்று. அவர் பிழைத்துக்கொண்டார்.

பள்ளிப் படிப்பை அவர் ஏன் இடையில் விட்டார்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். ஏன் என்பது சற்றுப் பின்னால் விளங்கும். 1932-ல் ஜப்பானின் கல்வி அமைச்சகம் மாணவர் பேஸ்பாலைக் கட்டுப்படுத்த ஓர் ஆணை பிறப்பித்தது. பள்ளி ஆட்டம் பண வேட்டையாக மாறுகிறது என்ற கவலையில் வந்த ஆணை அது. தொழில்முறை வீரர்களோடு மாணவர்கள் ஆடுவதை அது தடுத்தது. ரூத்தின் அணியோ முழுக்கத் தொழில்முறை அணி. ஆகவே மாணவனாக இருந்துகொண்டு அவர்களுக்கு எதிராக எறிய முடியாது. மாணவனாக இல்லாவிட்டால் எறியலாம். சவாமுரா பள்ளியிலிருந்து விலகினார்.

கோஷியென் மைதானத்தில் நடக்கும் தேசியப் பள்ளிப் போட்டிகளில் அவர் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார். அடுத்ததாக ஒரு பல்கலைக்கழக அணிக்குச் செல்வதே அன்று ஒரு நல்ல பிட்சருக்கு உரிய வழி. அந்த வழி அன்றோடு அடைபட்டது.

அமெரிக்க அணிகள் அவரை எடுத்துக்கொள்ள முயன்றனவா?

கானி மேக் அவரை அழைத்துச் செல்ல விரும்பினார் என்று பல நூல்கள் குறிப்பிடுகின்றன. 1935-ல் புதிய ஜப்பானிய அணி அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியபோது, ஒருவர் கையெழுத்து வேட்டைக்காரரைப் போல வந்து நீட்டிய தாள் ஓர் ஒப்பந்தமாக இருந்தது என்ற கதையும் உண்டு. கேட்கச் சுவையான கதை. அதற்கு மேல் அதன்மீது எடை வைக்க வேண்டியதில்லை. அந்தப் பயணத்தின்போதுதான் "டோக்கியோ ஜயண்ட்ஸ்" என்ற பெயர் அணிக்கு வந்தது. அந்தப் பெயரைச் சொன்னவர் லெஃப்டி ஓடூல் என்ற அமெரிக்க ஆட்டக்காரர்.

தொழில்முறை லீக்கில் அவர் எப்படி ஆடினார்?

லீக் 1936-ல் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று கோஷியென் மைதானத்தில் ஒசாகா டைகர்ஸ் அணிக்கு எதிராக அவர் எறிந்தது ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலின் முதல் நோ-ஹிட்டர். பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின் கணக்கில் எழுதப்படும்; இலையுதிர்காலப் பருவத்தில் சவாமுராவின் கணக்கு 13 வெற்றி, 2 தோல்வி. டிசம்பரில் அதே டைகர்ஸ் அணியோடு மூன்று நாள், மூன்று ஆட்டம் கொண்ட இறுதிப் போட்டி டோக்கியோ விரிகுடாவை ஒட்டிய சுசாகி மைதானத்தில் நடந்தது. கடல் ஏறினால் மைதானத்திலும் தண்ணீர் ஏறும் இடம் அது. மூன்று நாளும் சவாமுரா எறிந்தார்; ஜயண்ட்ஸ் வென்றது. இன்றைய பிட்சர் ஒருவர் ஒரு முழு ஆட்டம் எறிந்தால் ஜப்பானில் ஏறக்குறைய ஒரு வாரம் ஓய்வெடுப்பார்.

1937 வசந்தகாலப் பருவம்தான் உச்சம். 24 வெற்றி, 4 தோல்வி, 196 ஸ்டிரைக் அவுட், ரன் சராசரி 0.81. வெற்றி, ரன் சராசரி, ஸ்டிரைக் அவுட் ஆகிய மூன்றிலும் லீக்கிலேயே முதலிடம். அந்தப் பருவத்தில் ஜயண்ட்ஸ் பெற்ற 41 வெற்றிகளில் பாதிக்கும் மேல் இந்த ஒரு கையால் வந்தவை. மே 1 அன்று டைகர்ஸ் அணிக்கு எதிராகவே இரண்டாவது நோ-ஹிட்டர். லீக் முதன்முறையாக வழங்கிய மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 20.

இடது காலை முகத்தருகே வரும்வரை உயர்த்தி, உடல் முழுவதையும் முன்னால் தள்ளி, கையை மேலிருந்து கீழாகக் கொண்டுவந்து எறிவார். புகைப்படங்களில் அந்தக் கால்தான் முதலில் கண்ணில் படும். இறங்குவதற்குப் பதிலாக எழும்புவது போலத் தோன்றும் வேகப்பந்து, திடீரென்று விழும் டிராப் என்று இரண்டே ஆயுதங்கள்.

அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவருடைய கணக்கு 9 வெற்றி, 6 தோல்வி, ரன் சராசரி 2.38 என்று இறங்கியது. அளவுக்கு மீறி எறிந்ததால் வந்த களைப்பு என்று கொள்ளலாம். ஆனால் அதே பருவத்தில் 140 இன்னிங்ஸில் 129 ஸ்டிரைக் அவுட் எடுத்திருக்கிறார். வேகம் போய்விட்ட கை அதைச் செய்யாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எண்களின் பொருள் தெளிவாகும்.

இவ்வளவு புகழ் பெற்றவரை இராணுவத்துக்கு அனுப்பாமல் இருக்க வழி இல்லையா?

வழி இருந்தது. 1937 ஜூலையில் சீனாவுடன் முழுப் போர் மூண்டது. 20 வயதான ஆண்கள் அனைவரும் இராணுவத் தேர்வுக்குச் செல்ல வேண்டும். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும் படிப்பு முடியும்வரை தள்ளிவைப்புச் சலுகை உண்டு. இதைப் பயன்படுத்தித் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் ஏதாவதொரு பல்கலைக்கழகத்தின் இரவு வகுப்பில் பெயரைப் பதிந்துகொண்டு பகலில் பேஸ்பால் ஆடினார்கள். அணிகளும் அதற்கு உதவின.

பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால் முதலில் பள்ளியை முடித்திருக்க வேண்டும். சவாமுரா முடிக்கவில்லை. ரூத்துக்கு எதிராக எறிவதற்காக 17 வயதில் விட்ட படிப்பு, 20 வயதில் அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே கதவையும் மூடிவிட்டது. 1938 ஜனவரியில் தம் சொந்த மாகாணத்தின் 33-வது காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார்.

அதே அணியில் இருந்த விக்டர் ஸ்டார்ஃபினோடு ஒப்பிட்டால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ரஷ்யப் புரட்சிக்குப் பின் பெற்றோருடன் ஜப்பானில் தஞ்சம் புகுந்தவர். சவாமுராவைப் போலவே 1934-ல் பள்ளியை விட்டு வந்து அந்த அணியில் சேர்ந்தவர். அவருக்கு எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை; ஆகவே எந்த இராணுவமும் அவரை அழைக்கவில்லை. சவாமுரா சீனாவில் இருந்த 1939-ல் ஸ்டார்ஃபின் 42 ஆட்டங்களை வென்றார். வாழ்நாளில் 303 வெற்றி. அவரும் துன்பப்படாமல் தப்பவில்லை: பெயரை ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நேர்ந்தது, போரின் இறுதியில் மற்ற அயல்நாட்டவரோடு கருய்சாவாவில் அடைத்து வைக்கப்பட்டார். ஆனால் அவருடைய கை பிழைத்தது.

அவருடைய கை போரில் எப்படிக் கெட்டது?

குண்டு பாய்ந்து கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சீனாவில் அவருக்குக் குண்டுக் காயம் பட்டது உண்மை. ஆனால் அது இடது கையில். அவர் எறிவது வலது கையால். மலேரியாவும் பிடித்தது. அவையெல்லாம் உடலைத் தளர்த்தின என்றாலும், எறியும் கையைக் கெடுத்தது வேறொன்று.

நாட்டின் தலைசிறந்த பிட்சர் ஒரு படைப்பிரிவுக்குக் கிடைத்தால் அதிகாரிகள் என்ன செய்வார்கள்? கைக்குண்டு எறியச் சொல்வார்கள். அதைத்தான் செய்தார்கள். எறிகுண்டுப் போட்டிகளில் அவரை முன்னிறுத்தினார்கள், போரிலும் எறியவைத்தார்கள். மற்றவர்களைவிட வெகு தூரம் எறிந்தார். பேஸ்பால் பந்தின் எடை சுமார் 145 கிராம். அன்றைய ஜப்பானியக் கைக்குண்டோ சுமார் அரைக் கிலோ, அதாவது பந்தைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். 145 கிராமுக்குப் பழகிய தோள், அதே வேகத்தோடு, அதே அசைவோடு, அந்த எடையை மீண்டும் மீண்டும் வீசினால் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் தாங்கா. சவாமுராவின் வலது தோள் தாங்கவில்லை.

போர் பல வீரர்களின் ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. இவரிடமிருந்து எறியும் திறமையையே ஆயுதமாக எடுத்துப் பயன்படுத்தி, பழுதாக்கித் திருப்பிக் கொடுத்தது.

தோள் கெட்ட பிறகும் 1940-ல் நோ-ஹிட்டர் எறிந்திருக்கிறாரே, எப்படி?

1940-ல் படையிலிருந்து திரும்பியவரால் கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து எறிய முடியவில்லை. எனவே பக்கவாட்டிலிருந்து எறியக் கற்றுக்கொண்டார். அந்த உயர்ந்த காலும் கூடவே மறைந்தது. ஜூலை 6 அன்று நகோயா அணிக்கு எதிராக மூன்றாவது நோ-ஹிட்டரை எறிந்தார்.

எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1937 வசந்தத்தில் 244 இன்னிங்ஸில் 196 ஸ்டிரைக் அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏழுக்கும் மேல். 1940-ல் சுமார் 80 இன்னிங்ஸில் 31, அதாவது மூன்றரை. பேட்டரை வேகத்தால் வீழ்த்தியவர் இப்போது பேட்டரின் அடியைத் தம் அணியினர் பிடிக்கும்படி எறிகிறார். அந்த ஆண்டு 7 வெற்றி, 1 தோல்வி. அடுத்த ஆண்டு 9 வெற்றி, 5 தோல்வி, ரன் சராசரி 2.05. பழைய மின்னல் இல்லாமலே, இடம் பார்த்து எறிந்து பெற்றவை இவை. நான்கு ஸ்டிரைக் அவுட் எடுத்த 17 வயது மாணவனைவிட, வேறு ஒரு கையாக மாறிய தம் கையைக் கொண்டு நோ-ஹிட்டர் எறிந்த 23 வயது மனிதரே பெரிய பிட்சர் என்று எனக்குத் தோன்றுகிறது. 1934 ஆட்டத்தைக் கொண்டாடும் அளவுக்கு இந்த ஆட்டத்தை யாரும் கொண்டாடுவதில்லை.

1941-ல் திருமணம் செய்துகொண்டார். அக்டோபரில் இரண்டாவது அழைப்பு வந்தது. இருப்புப் படையினரை மீண்டும் அழைக்கும் உத்தரவு சிவப்புத் தாளில் வரும். ஜப்பானிய மொழியில் "சிவப்புத் தாள்" என்றாலே எல்லோருக்கும் அதுதான் பொருள்.

இரண்டாம் முறை திரும்பி வந்தபோது ஆடினாரா?

பிலிப்பைன்ஸில் பணியாற்றி 1943 தொடக்கத்தில் திரும்பினார். அதற்குள் ஆட்டமே மாறியிருந்தது. எதிரியின் மொழி என்பதால் ஆங்கிலச் சொற்கள் விலக்கப்பட்டிருந்தன. "ஸ்டிரைக்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நடுவர் "யோஷி" என்பார், அதாவது "நன்று". அடிக்கத்தக்க இடத்துக்கு வெளியே செல்லும் பந்துக்கு "பால்" என்பதற்குப் பதிலாக "தமே", அதாவது "கூடாது". ஜயண்ட்ஸ் என்ற பெயரும் மறைந்து, அதே பொருள் தரும் "கியோஜின்" மட்டும் நின்றது. சட்டையில் ஆங்கில எழுத்து இல்லை. தொப்பி படைவீரருடையதைப் போல மாறியது.

1943-ல் சவாமுரா எறிந்தது நான்கு ஆட்டங்கள், மொத்தம் 11 இன்னிங்ஸ். வெற்றி இல்லை, 3 தோல்வி, ரன் சராசரி 10.64. தரமாகத் தயாரித்த பந்துகள் கிடைக்காமல் பேட்டர்கள் எல்லோரும் திணறிக்கொண்டிருந்த ஆண்டில் வந்த எண் இது. பந்து அவர் சொன்ன இடத்துக்குச் செல்லவில்லை. நான்கு "பால்" விழுந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம் என்பதால், எதிரணியினர் பலர் பேட்டை அசைக்காமலே அங்கு நடந்தார்கள். ஜூலை 6 அன்று கோஷியெனில் கடைசியாக எறிந்தார். மூன்றாவது நோ-ஹிட்டரிலிருந்து சரியாக மூன்று ஆண்டு; முதல் நோ-ஹிட்டரை எறிந்ததோ இதே மைதானத்தில்தான். அக்டோபரில் பிட்சராக அல்லாமல் மாற்று பேட்டராகக் களமிறங்கியது அவருடைய கடைசி ஆட்டம்.

அணி அவரை விலக்கியது என்பது உண்மையா?

உண்மை. 1944-ன் தொடக்கத்தில் ஜயண்ட்ஸ் அவரை விடுவித்தது. நங்காய் அணியிலிருந்து அழைப்பு வந்தது. ஆனால் அணியைக் கட்டியெழுப்பியவர்களுள் ஒருவரான சோதாரோ சுசுகி, ஜயண்ட்ஸ் வீரராகவே முடித்துக்கொள்வது நல்லது என்று ஆலோசனை சொன்னார். சவாமுரா ஓய்வு பெற்றார். இன்று அந்த அணி அவருடைய சட்டை எண்ணைப் போற்றிக் காக்கிறது. அணியின் வரலாற்றில் அந்த 1944 முடிவுக்குக் கிடைக்கும் இடம் சிறிது. எறிய முடியாத பிட்சரை விடுவிப்பது எந்த அணியும் செய்வதுதான். ஆனால் அவரால் ஏன் எறிய முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதது அல்ல.

அவர் இறந்தது எப்படி?

1944 அக்டோபரில் மூன்றாவது அழைப்பு வந்தது. டிசம்பர் 2 அன்று பிலிப்பைன்ஸை நோக்கிப் படைகளை ஏற்றிச் சென்ற கப்பல் கூட்டத்தை, கிழக்குச் சீனக் கடலில், யகுஷிமா தீவுக்கு மேற்கே, "சீ டெவில்" என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. சவாமுரா இருந்த "ஹவாய் மாரு" மூழ்கியது. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையான மகளும் இருந்தார்கள். அவர் இறந்த இடத்தைத் தைவான் அருகே என்று சில பழைய எழுத்துகள் குறிப்பிடுகின்றன, அது பிழை.

தொழில்முறை லீக் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான், நவம்பர் 13 அன்று, தன் செயல்பாட்டை நிறுத்திவைப்பதாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு ஓர் அணிக்கு 35 ஆட்டங்கள்தான் நடந்தன. ஆள் இல்லை.

அவர் கமிகாசே விமானி என்று படித்திருக்கிறேனே?

அது வேறொருவர். நகோயா அணியின் பிட்சர் ஷினிச்சி இஷிமாரு, 1943 அக்டோபரில் ஒரு நோ-ஹிட்டர் எறிந்தவர்; 1945 மே 11 அன்று தற்கொலைத் தாக்குதல் விமானத்தில் பறந்து உயிர்விட்டார். புறப்படுவதற்கு முன் நண்பர் ஒருவரை முன்னால் நிறுத்திக் கடைசியாகச் சில பந்துகளை எறிந்துவிட்டு விமானத்தில் ஏறினார். இரண்டு பிட்சர்கள், இரண்டு நோ-ஹிட்டர் கதைகள் என்பதால் குழப்பம் வருகிறது. சவாமுரா காலாட்படை வீரர். விமானம் ஓட்டியவர் அல்லர்.

அவருடைய மொத்தக் கணக்கு என்ன? போர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருப்பார்?

105 ஆட்டங்கள், 63 வெற்றி, 22 தோல்வி, 554 ஸ்டிரைக் அவுட், ரன் சராசரி 1.74. இந்த 63 வெற்றிகளில் 47 முதல் அழைப்புக்கு முன், ஒன்றரை ஆண்டுக்குள் வந்தவை. ஸ்டிரைக் அவுட்டுகளிலும் நூற்றுச் சொச்சம் தவிர மற்றவை எல்லாம் அப்போதே வந்துவிட்டன.

இரண்டாவது கேள்விக்கு எண்ணால் பதில் சொல்ல முயல்பவர்கள் ஸ்டார்ஃபினின் 303-ஐக் காட்டுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மூன்று நாளும் தொடர்ந்து எறியவைத்த அணி, 1937 இலையுதிர்காலத்தில் தெரிந்த களைப்பு ஆகியவற்றைப் பார்த்தால், போர் இல்லாமலும் அந்தத் தோள் முப்பது வயதைத் தாண்டியிருக்குமா என்பது ஐயமே. ஆனால் 21, 22 வயதில் அவர் எறிந்திருக்க வேண்டிய இரண்டு ஆண்டுகளை எந்தக் களைப்பும் பறித்திருக்காது.

சவாமுரா விருது எதற்கு, யாருக்குக் கொடுக்கப்படுகிறது?

1947-ல் ஒரு பேஸ்பால் இதழ் அதைத் தொடங்கியது. நங்காய் அணியின் தகேஹிகோ பெஷ்ஷோ முதலில் பெற்றார். அமெரிக்காவில் சிறந்த பிட்சருக்குத் தரப்படும் சை யங் விருதைவிட இது ஒன்பது ஆண்டு மூத்தது. தேர்வுக் குழுவில் முன்னாள் பிட்சர்கள் அமர்கிறார்கள். 15 வெற்றி, 150 ஸ்டிரைக் அவுட், 10 முழு ஆட்டங்கள், 200 இன்னிங்ஸ், 25 ஆட்டங்கள், 2.50 ரன் சராசரி, 60 விழுக்காடு வெற்றி ஆகிய ஏழு அளவுகோல்களை வைத்து நெடுங்காலம் பார்த்து வந்தார்கள். தகுதியானவர் இல்லையென்றால் கொடுப்பதில்லை. 2019-ல் யாருக்கும் கொடுக்கவில்லை. யோஷினோபு யமமோடோ 2021 முதல் 2023 வரை மூன்று முறை தொடர்ந்து பெற்றார்.

முழு ஆட்டம் எறிவதும் 200 இன்னிங்ஸும் இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டன. இன்றைய அணிகள் பிட்சரின் தோளைப் பாதுகாக்கவே பந்துகளை எண்ணுகின்றன. தோள் சிதைந்து ஆட்டத்தை இழந்தவரின் பெயரால் வழங்கப்படும் விருது மட்டும் தோளை வருத்தும் அளவுகோல்களை நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தது. இவற்றைத் தளர்த்த வேண்டும் என்ற வாதம் ஒவ்வோர் ஆண்டும் எழுந்து வந்தது. எனக்கும் அந்தப் பக்கமே சாய்வு.

அவருடைய தடயங்களை இன்று எங்கே பார்க்கலாம்?

அவருடைய 14 என்ற எண்ணை 1947-ல் ஜயண்ட்ஸ் யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒதுக்கியது. ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில் முதலில் ஒதுக்கப்பட்ட எண்கள் அதுவும், அதே நாளில் ஒதுக்கப்பட்ட தோஷியோ குரோசாவாவின் 4-உம். 1959-ல் ஜப்பானியப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். ஷிஸுவோகாவின் குசனாகி மைதானத்தில் அவருக்கும் பேப் ரூத்துக்கும் சிலைகள் இருக்கின்றன.

டோக்கியோ டோம் அரங்கின் வெளியே, கூட்டம் அவ்வளவாகக் கவனிக்காத ஓரிடத்தில், போரில் இறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான கல் நினைவகம் ஒன்று நிற்கிறது. சவாமுரா, இஷிமாரு, பிலிப்பைன்ஸில் இறந்த டைகர்ஸ் வீரர் மசாரு ககேவுரா, பர்மாவில் இறந்த ஜயண்ட்ஸ் கேட்சர் மசாகி யோஷிஹாரா என்று சுமார் எழுபது பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பிறந்த ஊரான இசேயில் அவருடைய கல்லறைக் கல் பேஸ்பால் பந்தின் வடிவில் இருக்கிறது.